பன்னிரண்டு கிலோ

பஸீனாவுக்கு நாற்பத்து மூன்று வயது, எண்பத்து நான்கு கிலோ. இந்த இரண்டையும் அவள் யாரிடமும் மறைத்ததில்லை. மறைக்க ஊர் விட்டதும் இல்லை. பள்ளிவாசல்துறையில் எந்தக் கலியாண வீட்டில் அவள் கதிரையை இழுத்தாலும், "ராத்தா, அது பிளாஸ்டிக்" என்று யாராவது ஒருத்தி சொல்லிவிடுவாள். எல்லாரும் சிரிப்பார்கள், அவளும் சேர்ந்து சிரிப்பாள். சிரிக்காவிட்டால் கோபக்காரி என்ற பெயரும் வந்து சேரும்.

அவளைப் பெண் பார்க்க நான்கு குடும்பங்கள் வந்தன. நான்கும் வட்டிலாப்பத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, யோசித்துச் சொல்கிறோம் என்று எழும்பிப் போயின. இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள் போலும். சாஹுல் ஹமீது ஹாஜியாரின் கருவாட்டு வாடியில் மீன் கீறி, உப்புப் போட்டு, வெயிலில் புரட்டி, இருபது வருடமாகத் தன் சோற்றைத் தானே தேடிக்கொண்டாள் பஸீனா. குடியிருந்தது கூடப்பிறந்த மூத்தவர், நானா மர்ஸூக்கின் வளவுக்குள், ஓர் அறை வீட்டில். தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்கள் எல்லாரும் மன்னாரிலிருந்து துரத்தப்பட்டு வள்ளத்தில் வந்து கல்பிட்டிக் கரையில் இறங்கியபோது, இடுப்பளவு தண்ணீரில் அவளைத் தோளில் தூக்கி வந்தவர் அந்த நானாதான். அவருக்கு அப்போது பதின்மூன்று வயது, அவளுக்கு எட்டு. "அண்டைக்கே நீ பாரம்தான்" என்று அவர் கேலி செய்வார். ஊரார் சொன்னால் சுடுகிற அதே சொல், அவர் சொன்னால் அவளுக்கு இனித்தது.

அந்த மர்ஸூக்கின் இரண்டு கிட்னியும் பழுதாகிவிட்டன. கிழமைக்கு இரண்டு நாள் புத்தளத்துக்குப் போய் மெஷினில் இரத்தம் சுத்தம் செய்துகொண்டு, சாறு பிழிந்த தேங்காய்ப்பூ மாதிரி திரும்பி வருவார். ஒரு கிட்னி கிடைத்தால் பிழைப்பார் என்றார்கள். மனைவி ஸும்ராவுக்குச் சீனி வருத்தம், அவளிடம் எடுக்க முடியாது. ஒரே மகள் ஸஃப்னா கலியாணத்துக்கு நிற்கிற பிள்ளை, அவள் பெயரை யாரும் வாயில் எடுக்கவே இல்லை. பஸீனா ஒருவரும் கேட்காமலே போய்க் கையை நீட்டி இரத்தம் கொடுத்தாள். பொருந்திவிட்டது.

கொழும்பு டொக்டர் நல்ல மனிதர். அரைகுறைத் தமிழில் பொறுமையாகச் சொன்னார்.

"உங்கட கிட்னி நல்ல கிட்னி. ஆனா உடம்பு பாரம் கூட. இப்பிடியே வெட்டினா உங்களுக்கு ஆபத்து. எழுபத்திரண்டு கிலோவுக்கு வாங்க, நான் எடுக்கிறன். ஆறு மாசம் போதும்தானே?"

"ஓம் டொக்டர்" என்றாள் பஸீனா. பன்னிரண்டு கிலோ நெத்தலிக் கருவாடு எவ்வளவு இடம் பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவ்வளவையும் தன் உடம்பின் எந்த மூலையிலிருந்து எடுப்பது என்றுதான் தெரியவில்லை.

நுரைச்சோலையில் ஃபைஸல் என்பவன் டுபாயிலிருந்து வந்து ஒரு ஜிம் போட்டிருந்தான். காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை பெண்களுக்கு. அந்த நேரம் ஃபைஸல் உட்பட ஓர் ஆணும் உள்ளே நிற்க மாட்டான். ஷட்டர் பாதி இறங்கியிருக்கும், கண்ணாடிக்குத் தடித்த சீலை போட்டிருக்கும். பழக்குகிறவள் உடப்பிலிருந்து வரும் வினோஜா. இருபத்தாறு வயது, பள்ளிக்கூடக் காலத்தில் ஈட்டி எறிந்து மெடல் வாங்கியவள். ஹாஜியாரிடம் கெஞ்சி, காலை வேலையை மாலைக்கு மாற்றிக்கொண்டு பஸீனா அங்கே போய்ச் சேர்ந்தாள்.

முதல் நாள் அபாயாவோடும் செருப்போடும் ஓடுகிற மெஷினில் ஏறிவிட்டாள். வினோஜா ஓடி வந்து நிறுத்துவதற்குள், பஸ்ஸிலிருந்து இறங்குகிற மாதிரி ஒரு காலைக் கீழே வைத்துவிட்டாள். மெஷின் அவளைச் சுவரோரம் கொண்டுபோய் இருத்தியது. வங்கிக்காரர் வீட்டுப் பெண்கள் இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சிரிப்பை மறைக்கத்தான் திருப்பினார்கள் என்று அவர்களுடைய தோள் காட்டிக்கொடுத்தது.

"அக்கா, இது நிண்ட பிறகுதான் இறங்கோணும்" என்றாள் வினோஜா. அவள் சிரிக்கவில்லை. "நாளைக்கு சப்பாத்து போட்டுக்கொண்டு வாங்கோ. இப்ப இஞ்ச வந்து ஒருக்காக் குந்தி எழும்புங்கோ பாப்பம்."

பஸீனா குந்தினாள், எழும்பினாள். முப்பது தரம் செய்துவிட்டு இன்னும் வேண்டுமா என்பதுபோலப் பார்த்தாள். வாடியில் இருபது வருடம் குந்தியிருந்து மீன் கீறியவளுக்கு இது ஒரு வேலையா? வங்கி வீட்டுப் பெண்கள் எட்டிலேயே மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். அன்றைக்கு அவளுக்கு ஏற்பட்ட பெருமை கொஞ்சமல்ல.

பெருமை அடுத்த நாள் காலையில் இறங்கிவிட்டது. தொடையும் முதுகும் பிடித்துக்கொண்டு ஸுஜூதுக்குக் குனிய முடியவில்லை. மூன்று நாள் கதிரையில் இருந்துதான் தொழுதாள். மர்ஸூக் வாசலில் இருந்து பார்த்துவிட்டு, "எனக்கு முதல்ல நீ போய்ச் சேந்திருவாய் போல" என்று சிரித்தார். அவர் சிரித்து எத்தனையோ மாதம். அந்தச் சிரிப்புக்காகவே நாலாம் நாள் நொண்டி நொண்டிப் பஸ் ஏறினாள்.

சோறு ஒரு நேரமானது. காலைப் பாணும் பிளேன்டியில் போடுகிற சீனியும் நின்றுபோயின. மல்லாந்து படுத்துக் கால் தூக்குவதற்கு அவள் பட்ட வெட்கம் சொல்லி மாளாது. பெண்கள் மட்டும் நிற்கிற இடத்திலும் சால்வையால் முகத்தை மூடிக்கொண்டு செய்தாள். சனிக்கிழமைகளில் வாடியில் கருவாடு நிறுக்கும் தராசில் ஏறி நிற்பாள். கூட வேலை செய்பவர்கள், "என்ன விலைக்கு ராத்தா குடுக்கிற?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். எண்பத்து மூன்று, எண்பத்தொன்று, எண்பது. ஒரு மாதம் ஒரு கிராமும் அசையவில்லை. பிறகு ஒரேயடியாக எழுபத்தெட்டு. நாலாம் மாத முடிவில் எழுபத்தாறு. அன்றைக்கு வினோஜா அவளைக் கட்டிப்பிடித்து, "இனி நாலு கிலோதானே அக்கா, விடமாட்டன்" என்றாள். பஸீனாவின் வாழ்நாளில் அவள் உடம்பைக் குறித்து ஒருவர் சந்தோசப்பட்டது அதுதான் முதல் தடவை.

அந்த நேரம் பார்த்து ஸஃப்னாவுக்கு மதுரங்குளியிலிருந்து சம்பந்தம் வந்தது. நல்ல இடம், சொந்தக் கடை, ஒரே மகன். மாப்பிள்ளையின் தாய் அலீமா. மர்ஸூக்கின் வருத்தத்தைப் பற்றிக் கேட்டபோது சீனி என்று சொல்லிவிட்டார்கள். ஊசி போட்டு வீங்கிய கையை மர்ஸூக் முழுக்கைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டார். கிட்னி என்றால் பரம்பரை வருத்தம் என்று பின்வாங்கிவிடுவார்கள் என்ற பயம். மூடி மறைத்துக் கலியாணம் பேசுவது நமக்கென்ன புதிதா?

ஆனால் பஸீனா ஜிம்முக்குப் போவதை மறைக்க முடியவில்லை. பஸ்ஸில் போகிறவளை எப்படி மறைப்பது? பத்தே நாளில் அலீமா ஸும்ராவுக்கு டெலிபோன் எடுத்தாள்.

"குறை நினைக்காதீங்க. பிள்ளையிட மாமி ஜிம்முக்குப் போறாவாமே. கலியாணம் முடிக்காத பொம்பள, இந்த வயசில ஆருக்குக் காட்ட உடம்பக் குறைக்கிறா எண்டு எங்கட பக்கத்தில கேக்கிறாங்க. நான் என்ன பதில் சொல்ற?"

ஸும்ரா அதை அப்படியே கணவரிடம் சொன்னாள். அன்று பின்னேரம், புத்தளத்திலிருந்து வந்து படுத்திருந்த மர்ஸூக் தங்கையைக் கூப்பிட்டார்.

"பஸீனா, அந்த இடத்துக்கு இனிப் போகாத."

"இன்னும் நாலு கிலோதான் நானா. ரெண்டு மாசத்தில முடிஞ்சிரும்."

"நிக்காஹ் முடியட்டும். பிறகு பாப்பம்."

"உண்மையச் சொல்லுவோம். நானாக்குக் கிட்னி குடுக்கத்தான் போறா எண்டு சொன்னா வாய மூடுவாங்கதானே?"

"கிட்னிக் கதைய எடுத்தா இந்தச் சம்பந்தம் நிக்குமா?" மர்ஸூக் எழும்பி உட்காரப் பார்த்து, முடியாமல் திரும்பச் சாய்ந்தார். "நான் இருக்கிறனோ இல்லையோ, பிள்ள ஒரு இடத்தில சேரோணும். ஸஃப்னாக்கு இந்தப் போன் கதை தெரிய வேணாம். தெரிஞ்சா கலியாணமே வேணாம் எண்டு நிப்பாள். நீயா விட்ட மாதிரி விடு."

பஸீனா ஸும்ராவைப் பார்த்தாள். ஸும்ரா சுவரைப் பார்த்தாள். தன் உயிரைக் காப்பாற்றப் போகிறவளின் பஸ்ஸை அவரே மறிக்கிறார், அதுவும் மானத்துக்காக. பஸீனா நெஞ்சைப் பிளக்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருக்கலாம். காலையில் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறியிருக்கலாம். அவள் ஏறவில்லை. நானா சொன்னதைத் தட்டி அவளுக்குப் பழக்கமில்லை. இதில் அவளைக் கோபிக்கவும் இடமிருக்கிறது, ஆனால் ஊரைக் கோபித்து முடித்த பிறகு கோபிக்கலாம்.

வாப்பாவுக்காகத்தானே போனீங்க, ஏன் விட்டீங்க என்று ஸஃப்னா கேட்டபோது, "ஏலாது மகள், அலுத்துப் போச்சு" என்றாள். ஸஃப்னாவின் முகம் விழுந்துவிட்டது. பிறகு அந்தக் கதையை அவள் எடுக்கவே இல்லை.

வினோஜா டெலிபோனில் சொல்லிக்கொடுத்தாள், போத்தலில் மணல் நிரப்பித் தூக்கும்படி. ஒரு கிழமை தூக்கினாள். வளவுக்குள் மதிலோரம் நடந்தாள். பிறகு கலியாண வேலை அவளைப் பிடித்துக்கொண்டது. தொதல் கிண்டியது அவள், பலகாரம் சுட்டது அவள், பதம் பார்த்ததும் அவள். பதம் பார்ப்பதற்கு மேலேயும் தின்றாள். கோபத்தில் தின்றாள். அடுப்படியில் தனியாக நின்று, யாரையோ பழி வாங்குகிறவள்போல வாய்க்குள் போட்டுக்கொண்டாள். பழி யார் தலையில் விழுகிறது என்பது அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றவில்லை.

நிக்காஹ் சிறப்பாக முடிந்தது. மர்ஸூக் முழுக்கைச் சட்டையோடு மாப்பிள்ளையின் கையைப் பிடித்து மகளைக் கொடுத்தார். அலீமா பந்தியில் பஸீனாவின் பக்கத்தில் இருந்து, அவளுடைய கறியைப் புகழ்ந்தாள்.

கலியாணம் முடிந்து பத்தாம் நாள் கொழும்பில் தராசு ஏறினாள். எண்பது. டொக்டர் பழைய தாளையும் புதிய தாளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன நடந்தது? நல்லா வந்துகொண்டிருந்தீங்களே."

பஸீனா குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டாள். இன்னும் நாலு மாதம் தருகிறேன் என்றார் டொக்டர். மறுநாளே அவள் நுரைச்சோலைக்குப் போனாள். இப்போது கலியாணம் முடிந்துவிட்டதே, யார் என்ன சொன்னால் என்ன? ஒரு மணித்தியாலம் நடந்தாள், வியர்வை கண்ணுக்குள் இறங்கியது. வினோஜா மெஷினைக் குறைக்கச் சொன்னபோதும் அவள் குறைக்கவில்லை.

மர்ஸூக்கிடம் நாலு மாதம் இருக்கவில்லை. ஐந்தாம் கிழமை, புத்தளத்து மெஷினில் இருந்தபடியே நெஞ்சு நின்றுபோனது. பஸீனாவிடம் செய்தி வந்தபோது அவள் ஜிம்மில் இருந்தாள், எழுபத்தெட்டு கிலோ.

மையத்தைக் கிடத்தியிருந்த வீட்டில் எல்லாமே வெளியே வந்தது. கிட்னிக் கதை, டெஸ்ட் கதை, யார் கொடுக்க இருந்தது என்ற கதை. ஜிம் எதற்கு என்பதை மட்டும் யாரும் கேட்கவில்லை, கேட்க வேண்டிய எவருக்கும் அது நினைவில்லை. பஸீனா கடைசியில் பின்வாங்கிவிட்டாள் என்று ஊர் தானாகவே முடித்துக்கொண்டது.

ஏழாம் நாள் கத்தம் ஓதி முடிந்து பெண்கள் உள்ளறையில் பாய் விரித்து இருந்தார்கள். அலீமா பஸீனாவின் பக்கமாக நகர்ந்து இருந்தாள். குரலில் பகையே இல்லை, மெய்யான கவலைதான்.

"நீங்க கிட்னி குடுக்க இருந்தீங்களாமே. டெஸ்ட்டும் சரியாம். பிறகு ஏன் குடுக்கல்ல?"

பஸீனா ஸும்ராவைப் பார்த்தாள். உண்மை முழுவதும் தெரிந்த இன்னொருத்தி அந்த அறையில் அவள்தான். ஸும்ரா வெள்ளைச் சீலைக்குள் தலையைக் குனிந்து, பாயின் ஓரத்தை நீவிக்கொண்டிருந்தாள். வாசற்படியில் ஸஃப்னா பிளேன்டித் தட்டோடு நின்றாள். பின்னேரம் அவள் அலீமாவோடுதான் மதுரங்குளிக்குத் திரும்ப வேண்டும். இன்றும் நாளையும், இனி எல்லா நாளும் அந்த வீட்டில்தான்.

உங்களால்தான் என்ற சொல் பஸீனாவின் நாக்கு நுனி வரைக்கும் வந்தது. சொன்னால் இந்தப் பாயிலேயே நெஞ்சு ஆறியிருக்கும். அதற்குப் பிறகு அந்த வீட்டில் ஸஃப்னாவை யார் பார்ப்பது?

"பயம் வந்திட்டுது" என்றாள்.

அலீமா அவள் கையைத் தடவினாள். "அதுக்கென்ன, எல்லாருக்கும் அவங்கவங்கட உசிர் பெரிசுதானே."

ஸஃப்னா தட்டோடு உள்ளே வந்தாள். அலீமாவுக்குக் குனிந்து ஒரு கோப்பை கொடுத்தாள். அடுத்தவளுக்குக் கொடுத்தாள், உம்மாவுக்குக் கொடுத்தாள். பஸீனா கையை நீட்டினாள். ஸஃப்னா தட்டைத் தாழ்த்தாமல், அவளைக் கடந்து அடுத்த பாய்க்குப் போனாள்.