கிளமென்ட் அண்ணன் கழற்றிய அட்டை

ஆறு வருடம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு 2001-இல் நெய்வேலிக்குத் திரும்பினேன். எங்கள் பிளாக் தேவாலயத்தில் புதன்கிழமை வேதபாட வகுப்பை அப்போதும் கிளமென்ட் அண்ணன்தான் நடத்திக்கொண்டிருந்தார். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட் எலக்ட்ரீஷியன். குளித்துவிட்டு வந்தாலும் காதோரம் கரித்தூள் மிச்சமிருக்கும். எந்தக் கேள்விக்கும் பதில் வைத்திருப்பார். பதில் சொல்லாமல் ஆளை அனுப்புவது அவருக்குப் பிடிக்காது.

அந்த ஆகஸ்டில் மரியபுஷ்பம் அக்கா கேட்டார்: "ஞானஸ்நானம் வாங்காம செத்துப்போற குழந்தைங்க எங்க போகும்?"

"பரலோகம் கிடையாதுக்கா," என்று சொல்லிவிட்டு அடுத்த வசனத்துக்குப் போய்விட்டார்.

கடைசி பெஞ்சில், பக்கத்துக் கிராமமான வடக்குத்திலிருந்து வரும் தனம் இருந்தாள். புருஷனுக்குச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலை. அடுத்த வாரம் அவள் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. வீட்டில் உட்கார முடியாத நான் போய் விசாரித்தேன். ஏப்ரலில் அவளுடைய பதினோரு நாள் பெண் குழந்தை இறந்திருந்தது. ஞானஸ்நானத்துக்கு நாள் குறித்திருந்தார்களாம்.

கிளமென்ட் அண்ணனுக்கு அது தெரியாது. நான் சொன்னதும் டீயைக் கீழே வைத்தார். "நான் சொன்னது எங்க எழுதியிருக்கு?" என்றார். இரண்டு நாள் தேடினார். எங்கும் இல்லை. சின்ன வயதில் யாரோ சொல்லக் கேட்டது, அவ்வளவுதான்.

தப்பைத் தானே சொல்லித் திருத்தப்போவதாக அவர் சொன்னபோது போதகர் சமாதானம் செய்தார். "ஒரு பிரசங்கத்துல நானே பொதுவா சொல்லிடறேன். நீங்க ஏன் பேரைக் கெடுத்துக்கினு?"

"ஐயா, பெல்ட்டுல வேலைக்கு இறங்கறவன் ஸ்விட்ச்சை அணைச்சு, யாரும் போட்டுடக் கூடாதுன்னு அதுல தன் பேர் எழுதின அட்டையை மாட்டிட்டுத்தான் இறங்குவான். மாட்டினவனேதான் கழட்டணும். இன்ஜினியரே வந்தாலும் கை வெக்க மாட்டார். இது என் அட்டைங்க."

மறுநாள் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வடக்குத்துக்குக் கிளம்பினார். நானும் கூடப் போனேன். துணி அலசிக்கொண்டிருந்த தனம் நிமிரவில்லை.

"நான் சொன்னது தப்பும்மா."

"என்னைத் தேத்தறதுக்கு வந்துட்டீங்க. அங்க இருவது பேரு கேட்டாங்க. இன்னும் அதையேதான் நெனச்சிக்கினு இருப்பாங்க. அங்க சொல்லுங்க."

தலையாட்டிவிட்டு அவர் கேட்டார்: "குழந்தைக்கு என்ன பேரு வெச்சீங்க?"

"எஸ்தரு."

புதன்கிழமை நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே பேசினார். "அக்கா கேட்டதுக்கு நான் சொன்ன பதில் வேதத்துல இல்ல. தெரியாததைத் தெரிஞ்ச மாதிரி சொன்னேன். அதைக் கேட்டு, குழந்தையைப் பறிகொடுத்த எஸ்தரோட அம்மா இங்க வர்றதையே நிறுத்திட்டாங்க. தப்பு என்னுது."

ரிட்டையரான பாக்கியசாமி விடவில்லை. "பன்னெண்டு வருஷமா சொல்லிக்கினு இருக்கியேப்பா, வேற எதெல்லாம் தப்பு?"

இரண்டு பேர் சிரித்தார்கள்.

"தெரியலைங்க. ஒவ்வொண்ணா பாக்கணும். இனிமே நீங்களும் பைபிளைத் திறந்து வெச்சிக்கினு உக்காருங்க. இல்லாததைச் சொன்னா நிறுத்துங்க."

வாசலில் செருப்போடு நின்றிருந்தாள் தனம். எப்போது வந்தாள் என்று நான் கவனிக்கவில்லை. அங்கிருந்தே கேட்டாள்: "அப்ப எஸ்தரு எங்க இருக்கா?"

பழைய கிளமென்ட் அண்ணன் என்றால் உடனே சொல்லியிருப்பார். இப்போது யோசித்தார்.

"தெரியும்னு சொல்ல எனக்கு வசனம் இல்லம்மா. இயேசுவோட கையில அவ இருக்கான்னு நம்பறேன். அவர் குழந்தைங்களை அணைச்சிக்கிட்டார்னு வேதத்துல ஒரு இடம் இருக்கு, அதை வெச்சுத்தான் நம்பறேன்."

தனம் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து கையை நீட்டினாள்.

"காட்டுங்க. நானே படிச்சிப் பாக்கறேன்."

மாற்கு பத்தாம் அதிகாரத்தைத் திறந்து, தன் பைபிளை அவளிடம் கொடுத்தார்.