கடைசி முட்டுக்கால்

மேசனைக் கலியாணம் முடிச்ச நாள் தொடங்கி எனக்குப் பயம்தான். சாரத்தில ஏறினாப் பயம், கிணத்துக்குள்ள இறங்கினாப் பயம். கடலுக்குப் போறவையின்ர பெண்சாதிமார் என்னைப் பாத்துச் சிரிப்பினம். "உன்ர மனுசன் தரையில நிண்டு கல்லடுக்கிறார். நீ ஏன்டி எங்களைப்போல வாசலைப் பாத்துக்கொண்டு நிக்கிறாய்?" எண்டு கேப்பினம். கேக்கட்டும். கடலுக்குள்ள விழுந்தா நீந்தலாம். கல்லு மேல விழுந்தா என்னத்தை நீந்துறது?

வெள்ளைக்காரன்ர காலம் அது. மன்னார்த் தீவில என்ர மனுசனுக்கு நல்ல பேர். அரசாங்கக் கச்சேரி மதில் இடிஞ்சாலும் அவருக்குத்தான் ஆள் வரும், எருக்கலம்பிட்டியில ஒரு வியாபாரி வீடு கட்டினாலும் அவருக்குத்தான் ஆள் வரும். ஆனா பொழுதுபட முதல் வீட்டுக்கு வந்திடவேணும் அவருக்கு. கள்ளுத் தவறணைப் பக்கம் தலை வைச்சும் படுக்கமாட்டார். வந்து கை கால் கழுவிப் பிள்ளையைத் தூக்கினாரெண்டால் சோறு ஆறினாலும் இறக்கமாட்டார். சுண்ணாம்பு அரிச்ச உள்ளங்கை பிள்ளையின்ர கன்னத்தில பட்டா நோகும் எண்டு புறங்கையாலதான் தடவுவார்.

முதல் பிள்ளையை நாங்கள் வயித்தோட்டத்துக்குப் பறிகுடுத்தனாங்கள். அது சோளகக் காத்து அடிக்கிற வறட்சிக் காலம். கிணறெல்லாம் உப்பேறிக் கிடந்தது, குடிக்க வேற தண்ணி இல்லை. அந்தச் சின்னச் சவப்பெட்டியை இவரே அடிச்சார், குழியையும் இவரே வெட்டினார். ஒருத்தரையும் கிட்ட விடேல்லை. ரெண்டாவது பிறந்த வருசமும் மழை ஏமாத்திப்போட்டுது.

அந்த வருசம் பாத்துத்தான் எங்கட கோயில் சுவாமிக்கு முகப்பில ஒரு பெரிய வளைவு கட்டோணும் எண்டு ஆசை வந்தது. கடல் கடந்து வந்த வெள்ளைக்காரப் பாதிரியார் அவர். திருநாளுக்கு மாதாவின்ர சுருபம் அந்த வளைவுக்குக் கீழாலதான் வெளிக்கிடவேணுமாம். கோயில் கிணத்துத் தண்ணி வாயில வைக்கேலாது, அப்பிடிக் கரிக்கும். உப்புத் தண்ணியில குழைச்ச சாந்து ஒழுங்கா இறுகாது எண்டு இஞ்ச எல்லாருக்கும் தெரியும். அதால சுவாமி மணல் பிட்டிக் கிணத்திலயிருந்து கழுதையில நல்ல தண்ணி எடுப்பிச்சார். ஊரே தண்ணிக்குத் தவிக்கிற நேரம், வேலைக்கு வாற பீப்பாவில ஒருத்தரும் கை வைக்கக்கூடாது எண்டு பூசையிலயும் சொல்லிப்போட்டார்.

கொஞ்ச நாளால எங்கட வீட்டுக்கும் பீப்பா வரத் தொடங்கிச்சுது. "வேலைக்குப் போக மிச்சம்," எண்டார் இவர். நான் பிள்ளைக்கு அதில காய்ச்சிக் குடுத்தன், அதிலயே குளிப்பாட்டினன். உப்புத் தண்ணி குடிச்சு வயித்தோட்டத்தில சுருண்டு கிடந்த பிள்ளை தேறிக் கால் உதைக்கத் தொடங்கிச்சுது.

வளைவு ரெண்டு பக்கமும் வந்து நடுவில கூடின அண்டைக்குக் கழுதைக்காரர் வந்து, "அக்கா, வேலை முடிஞ்சுது, இனித் தண்ணி வராது," எண்டார். பேந்து பீப்பாவைச் சரிச்சுக்கொண்டே சொன்னார்: "பிட்டிக் கிணறும் வத்திப்போச்சு. கடைசியில ஒரு நாளைக்கு ஒரு பீப்பாதானே தேறினது. அதையும் இஞ்ச ஊத்தச் சொல்லிப்போட்டார் மேசனார்."

"அப்ப சாந்துக்கு?"

"கோயில் கிணறு இருக்குத்தானே."

எங்கட மேசன்மாருக்கு ஒரு முறை இருக்கு. வளைவு கட்டேக்க கல்லைத் தாங்கக் கீழ பலகையும் முட்டுக்காலும் குடுப்பினம். சாந்து இறுகினாப்பிறகு அதுகளைக் கழட்டேக்க, கடைசி முட்டுக்காலை, வளைவைக் கட்டின மேசன் கீழ நிண்டு தன்ர கையாலதான் தட்டி விழுத்தவேணும். வேற ஒருத்தரும் உள்ள நிக்கப்படாது. பிழை விட்டிருந்தா அது அவன்ர தலையோட போகவேணும் எண்டுதான் அந்த முறை.

பின்னேரம் அவருக்குச் சோத்தைப் போட்டுட்டு முன்னால குந்தினன். "இஞ்சாருங்கோ, உப்புத் தண்ணியிலயோ குழைச்சனீங்கள்?"

அவர் பிசைஞ்ச கை அப்பிடியே நிண்டுது. "ஓம்."

"உங்களுக்கென்ன விசரோ?"

"இந்தப் பிள்ளைக்கும் பெட்டி அடிக்கச் சொல்லுறியோ?"

"சுவாமிட்டச் சொல்லுங்கோவன்," எண்டன்.

"கோயில் தண்ணியை வீட்டுக்குக் கொண்டு போன மேசன் எண்டு ஊர் சொல்லும். பேந்து ஆர் என்னை வேலைக்குக் கூப்பிடுவினம்? சும்மா இரு. உது நிக்கும். விழுந்தாலும் என்ர தலையிலதானே."

என்ர தலையிலதானேயாம்! கண்டறியாத கதை. அந்தத் தலை இல்லாட்டி எங்கட தலை என்னெண்டு நிமிருமெண்டு இந்த மனுசனுக்குத் தெரியேல்லை.

அதுக்குப் பிறகு நான் நிம்மதியாக் கண் மூடேல்லை. ஒவ்வொரு நாளும் செபமாலை சொல்லுறன் எண்டு சாட்டுச் சொல்லிக் கோயிலுக்குப் போவன். வளைவு தொடங்கிற இடத்தில கல்லுக்கு நடுவில விரலை வைச்சுப் பாப்பன். கொளுத்திற வெயிலுக்கயும் சாந்து ஈரலிச்சுக்கொண்டே இருந்தது. விரலை நாக்கில வைச்சா உப்பு. "மாதாவே, உம்மட வாசல்தானே இது, ஒருக்கால் தாங்கிப் பிடியும்," எண்டு அழுவன். பின்னேரங்களில அவர் பிள்ளையைத் தோளில போட்டுக்கொண்டு அங்கயும் இஞ்சயும் நடப்பார். அவருக்கும் பயம். வாய் திறந்தாத்தானே.

திருநாள் கிட்ட வர, முட்டுக் கழட்டிற நாளும் வந்தது. காலமைப் பூசை முடிஞ்சு சனமெல்லாம் முன்னால நிண்டுது. சுவாமி தீர்த்தம் தெளிச்சார். கூலிக்காரர் ஓரத்து முட்டுக்கால்களை ஒவ்வொண்டாய்க் கழட்டிக்கொண்டு விலகிச்சினம். நடுவில ஒண்டு மட்டும் மிச்சம். இவர் சிலுவை போட்டுட்டுக் முட்டைத் தட்டிற கொட்டாப்புளியைக் கையில எடுத்தார். அப்ப மேலயிருந்து ஒரு துளி சாந்து அவர்ர தோளில விழுந்தது. ஒருத்தரும் காணேல்லை. நான் கண்டன். அவர் நிமிர்ந்தே பாக்கேல்லை, கையை ஓங்கினார்.

எனக்கு எங்கயிருந்து அந்தத் துணிவு வந்ததோ தெரியாது. இடுப்பில பிள்ளையோட சனத்தை விலத்திக்கொண்டு போய் அவருக்குப் பக்கத்தில நிண்டன்.

"போடி வெளியில!" எண்டு கத்தினார். கலியாணம் முடிச்சு அண்டைக்குத்தான் என்னை முதல்முதலா 'டி' போட்டவர்.

"நிக்கும் எண்டனீங்களெல்லே? அடியுங்கோ. நாங்களும் நிண்டு பாக்கிறம்."

பிள்ளை அவர்ர முகத்தைப் பாத்துக் கையை நீட்டிச்சுது. அவர் கொட்டாப்புளியைக் கீழ வைச்சார். என்னைப் பிடிச்சு வெளியில தள்ளிக்கொண்டு வந்து சுவாமிக்கு முன்னால முழங்கால் போட்டார். "சுவாமி, இதை நான் பிரிச்சுக் கட்டவேணும். நல்ல தண்ணியை நான் பிள்ளைக்குக் குடுத்திட்டன்," எண்டார். சனம் கசமுசா எண்டுது. சுவாமியின்ர முகம் சிவந்துபோச்சு. பிள்ளைக்குக் கிட்ட வந்து குனிஞ்சு பாத்தார். பேந்து, "இப்ப சுகமா?" எண்டு மட்டும் கேட்டுட்டு உள்ள போனார்.

முட்டுக்கால்களைத் திரும்பக் குடுத்து, மேல ஏறிப் பிரிச்சினம். உள்ளுக்குள்ள சாந்து பிட்டுக்கு விரவின மாப்போல உதிர்ந்துது, விரலாலயே கிள்ளி எடுத்தினம். அந்த வருசத் திருநாளுக்கு மாதா பக்க வாசலாலதான் வெளிக்கிட்டா. ஊர் என்னவெல்லாமோ கதைச்சுது. "கோயில் தண்ணி குடிச்ச பிள்ளை" எண்டு என்ர பிள்ளைக்குப் பட்டம் வைச்சினம். "ஓம், குடிச்சது, உசிரோட இருக்கு, உங்களுக்கென்ன?" எண்டு முகத்துக்கு நேரவே கேட்டன்.

மாரி பெஞ்சு கிணறுகள் நிரம்பினாப்பிறகு அவர் சம்பளம் வாங்காமல் வளைவைத் திரும்பக் கட்டினார். முழுக்க நல்ல தண்ணி. இறுகட்டும் எண்டு ஆற அமர விட்டார். முட்டுக் கழட்டிற அண்டைக்குச் சனம் பெரிசா வரேல்லை. கடைசி முட்டுக்காலுக்குப் பக்கத்தில நிண்டுகொண்டு என்னைத் திரும்பிப் பாத்தார்.

"இஞ்சேர், பிள்ளையையும் கொண்டு வா."

முதல் தரம் நான் உள்ள போய் நிண்டது பெரிய துணிவில்லை எண்டு அப்பதான் விளங்கிச்சுது. நாங்கள் கீழ நிக்க அவர் அடிக்கமாட்டார் எண்டு அண்டைக்கு எனக்கு நிச்சயமாத் தெரியும். இண்டைக்கு அவர் அடிக்கப் போறார்.

போனன். பிள்ளையை நெஞ்சோட அணைச்சு, அதின்ர தலைக்கு மேல என்ர கையை விரிச்சுப் பிடிச்சன். அவர் தன்ர இடக்கையை என்ர கைக்கு மேல கொண்டு வந்து பிடிச்சார். மற்றக் கையால அடிச்சார்.

முட்டுக்கால் சரிஞ்சு விழுந்தது. மேலயிருந்து ஒண்டும் வரேல்லை. எங்கட ரெண்டு கையும் கனநேரம் இறங்கேல்லை.