மீனோடு கொத்தவரங்காய்

செவ்வாய், வெள்ளி, சனி, கிருத்திகை எல்லாம் போக, எங்கள் வீட்டில் மீன் வாங்க மிஞ்சுகிற நாள்கள் கொஞ்சம்தான். போன மாதம் ஒரு புதன்கிழமை சாயங்காலம், அம்பத்தூரில் வேலை முடிந்து திருத்தணி ரயிலில் ஏறி உட்கார்ந்ததுமே வீட்டுக்காரர் போன் செய்தார்.

"மீன் வாங்கிட்டேன். கட்லா. கொழம்பு நானே வெச்சிடறேன். நீ மெதுவா வா."

"காய் இன்னா இருக்குது?"

"மீன் இருக்கும்போது காய் எதுக்கு?"

அவருக்குச் சர்க்கரை வந்து ஒரு வருடம் ஆகிறது. சோற்றைக் குறைத்துக் காயைக் கூட்டச் சொல்லியிருக்கிறார் டாக்டர். அப்படிக் கூட்டுகிறபோது யாருடைய வேலை கூடுகிறது என்று அவர் யோசித்திருக்க மாட்டார். ஸ்டேஷன் வாசலில் வாங்கிய கொத்தவரங்காய் என் பையில் இருந்தது. நாள் முழுக்க நின்றபடி சட்டைகளில் தையல் பிசகு பார்க்கிற வேலை எனக்கு. கால் இரண்டும் கனத்துக் கிடந்தன. வீட்டுக்குப் போய் ஆய உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது. துப்பட்டாவை மடியில் விரித்து அங்கேயே ஆயத் தொடங்கினேன்.

திருவள்ளூர் வருவதற்குள் கண் சொக்கிவிட்டது. விழித்துப் பார்த்தால், எதிர் சீட்டில் இருந்த ஒரு அம்மா என் மடியிலிருந்த காயைத் தன் மடிக்கு மாற்றிக்கொண்டு நார் உரித்துக்கொண்டிருந்தார். முன்பின் பார்த்ததில்லை.

"உங்களுக்கு எதுக்குங்க சிரமம்?"

"தூங்குமா. கை சும்மாதானே கீது. இதுக்கு இன்னா போடுவ?"

"வேர்க்கடல வறுத்துப் பொடி பண்ணிப் போடுவேங்க."

"ஆங், மீனுக்கு அதான் நல்லா இருக்கும். நீ போன்ல பேசினத கேட்டுகினுதான் இருந்தேன்."

மணவூரில் அவர் இறங்கும்போது ஒடித்த காயைக் கவரில் போட்டு என் கையில் கொடுத்தார். நன்றி சொல்லக்கூட எழுந்து நிற்கவில்லை நான்.

வீட்டில் குழம்பு கொதித்து முடிந்திருந்தது. சிங்க் நிறைய மீன் செதில். சுவரில் சாய்ந்துகொண்டே காயை உப்பும் மஞ்சளும் போட்டு வேகவைத்தேன். கசப்புத் தண்ணீரை வடித்துவிட்டு, காய்ந்த மிளகாயும் நசுக்கிய பூண்டும் தாளித்து, கடலைப் பொடி தூவிக் கிளறி இறக்கினேன்.

இருவரும் சாப்பிட உட்கார்ந்தோம். முதல் வாயிலேயே அவர் முகம் சுருங்கியது.

"உப்ப ரெண்டு தபா போட்டுட்டேன் போல."

குழம்பை வாயில் வைக்க முடியவில்லை. மீன் துண்டையும் பாதியில் ஒதுக்கிவிட்டார். "அந்தக் காய இன்னும் கொஞ்சம் போடு" என்றார். போட்டேன். மறுபடி கேட்டார். காலை டிபன் பாக்ஸுக்கு என்று எடுத்து வைத்திருந்ததையும் வழித்துப் போட்டேன்.

"இப்டி செஞ்சா தெனமும் தின்னுவேனே" என்றார்.

ஒரு வருடமாக அவரைக் காய் தின்ன வைக்கத்தான் மல்லுக்கு நிற்கிறேன். அன்றைக்குச் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். தினமும் என்ற சொல் மட்டும்தான் காதில் விழுந்தது.

"பாத்திரத்த நீங்க தேச்சிடுங்க" என்றேன். இதுவரை நான் அப்படிச் சொன்னதில்லை. "ஆங், சரி" என்று தட்டுகளை எடுத்துக்கொண்டு போனார். கம்பெனி உடையைக்கூட மாற்றாமல் தரையில் அப்படியே படுத்தேன். உள்ளே குழாய்த் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. அவர் தேய்த்து முடித்தாரா என்று எழுந்து பார்க்கவில்லை.