எங்களைக் கேட்டீங்களா?

ஒரு சொல்லை ஒழித்துவிட்டால் ஊரில் சண்டையே இருக்காது என்று எந்தப் புண்ணியவானுக்குத் தோன்றியதோ தெரியவில்லை. இருபத்தைந்து வருஷத்துக்கு முன்னால் ஊரை ஆளும் மன்றத்துப் பெரியமனிதர்கள் கூடி உட்கார்ந்து ‘நாங்கள்’ என்ற சொல்லுக்குத் தடை போட்டார்கள். ‘நாங்கள்’ என்று சொல்கிறவன், எதிரே நின்று கேட்கிறவனை வெளியே தள்ளிக் கதவைச் சாத்துகிறானாம். அதுதான் பிரிவினையாம். ஆகவே இனி எல்லாருக்கும் ‘நாம்’ மட்டும்தான். ‘எங்கள்’ கிடையாது, ‘எங்களுக்கு’ கிடையாது. வாய் தவறிச் சொன்னாலும் ஊருக்கு வெளியே இருக்கும் திருத்த விடுதியில் இரண்டு வருஷம்.

கேட்பதற்கு என்னவோ நன்றாகத்தான் இருந்தது. நடைமுறையில் ஒரே கூத்து. பக்கத்து வீட்டுக்காரி ஈரத் தலையோடு கதவைத் தட்டி, “நாம குளிச்சிட்டு இருக்கும்போதே நம்ம வீட்டுல தண்ணி நின்னுபோச்சு” என்பாள். யார் வீட்டில் நின்றது என்று கேட்டு முடிப்பதற்குள் அவள் தலையில் சோப்பு காய்ந்துவிடும். புதுமாப்பிள்ளை ஒருவன் மேலதிகாரியிடம் லீவு கேட்கப் போய், “நமக்குக் கல்யாணம் ஆகி ஒரு மாசம்கூட ஆகல சார்” என்று குழைந்தானாம். அவர் நாற்காலியைப் பின்னால் நகர்த்திக்கொண்டாராம். சிரித்தவர்கள் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டுதான் சிரித்தார்கள்.

இந்தக் கண்றாவியை எல்லாம் தட்டச்சு செய்துகொண்டு இருபத்திரண்டு வருஷமாக, தடையை மீறியவர்களை விசாரிக்கும் ஒழுங்கு அலுவலகத்தில் உட்கார்ந்திருந்தாள் ஒருத்தி. டைப் அக்கா என்றால் எல்லாருக்கும் தெரியும். பதினேழு வயதில் அவளுக்கு ஆசை ஒன்றே ஒன்றுதான், பஸ் ஓட்ட வேண்டும். ஆனால் வேலையை மன்றம்தான் ஒதுக்கும். பள்ளி வாசலில் பட்டியல் ஒட்டினார்கள், அவள் பெயருக்கு நேரே ‘தட்டச்சு’ என்று இருந்தது. ஏன் என்று அவள் கேட்கவில்லை. கேட்கத் தெரியாமல் இல்லை, பயம். அந்தப் பயத்தை அன்றைக்கு விழுங்கியவள் இன்னும் விழுங்கிக்கொண்டே இருந்தாள்.

புருஷனுக்கு வேறு ஊரில் வேலை ஒதுக்கியிருந்தார்கள். வருஷத்துக்கு இரண்டு தடவை விருந்தாளி மாதிரி வந்து போவான். வீட்டில் அவளும் மகளும் மட்டும்தான். மகளுக்குப் பள்ளியில் ‘ஊசி’ என்று பட்டப்பெயர். எந்தப் பேச்சையும் குத்திப் பார்க்காமல் விடமாட்டாள்.

ஊசிக்கும் பதினேழு ஆயிற்று. பட்டியலும் வந்தது. சோப்புத் தொழிற்சாலை, பெட்டியில் அடைக்கும் பிரிவு. மறுநாள் காலையில் பட்டியலுக்கு மேலே, பள்ளிச் சுவரில், முழங்கை நீள எழுத்தில் ஒரு வரி இருந்தது: எங்களைக் கேட்டீங்களா?

மத்தியானத்துக்குள் ஐந்து பிள்ளைகளைப் பிடித்துவிட்டார்கள். கையில் எல்லாம் நீலப் பெயிண்ட். மறுநாள் விசாரணைக்கு வரச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினார்கள்.

“கையைக்கூடக் கழுவத் தெரியலையாடி உனக்கு?” டைப் அக்கா மண்ணெண்ணெயில் துணியை நனைத்து மகளின் விரல்களைத் தேய் தேய் என்று தேய்த்தாள். “அப்படி என்ன எழுதியே ஆகணும்? சரி, எழுதித் தொலைச்சே. ‘நம்மளக் கேட்டீங்களா’ன்னு எழுதியிருந்தா உன்னை எவன் கேட்கப்போறான்?”

“அப்படி எழுதினா அதுக்கு அர்த்தமே இல்லம்மா. நம்மள நாமே கேட்டுக்கிறதா?”

“அர்த்தம் வேணுமா அர்த்தம்! ரெண்டு வருஷம் விடுதியில போய் அர்த்தத்தைக் கட்டிக்கிட்டு அழு!”

“உன்னைக் கேட்டாங்களாம்மா?”

தேய்த்த கை நின்றது. அவளுக்கு வந்த கோபத்தில் துணியைச் சுவரில் விட்டெறிந்தாள். மகள்மேல் கோபமா, பட்டியல் ஒட்டினவன்மேல் கோபமா, இருபத்திரண்டு வருஷமாக வாயை மூடிக்கொண்டிருந்த தன்மேலேயே கோபமா, அவளுக்கே பிடிபடவில்லை. விடுதிக்குப் போய்த் திரும்பிய பிள்ளைகளை அவள் பார்த்திருக்கிறாள். கூப்பிட்டால் எழுந்து நிற்பார்கள். சாப்பிடு என்றால் சாப்பிடுவார்கள். இவளும் அப்படி வந்து நின்றால்?

மறுநாள் அலுவலகம் போனதும் விசாரணை அதிகாரியிடம் ஓடினாள். அவருக்கு அலுவலகத்தில் ‘வெந்நீர்’ என்று பெயர். மேஜையில் பிளாஸ்க் இல்லாமல் அவர் வாய் திறந்ததில்லை.

“சார், இன்னிக்கு மட்டும் வேற யாரையாவது டைப்புக்கு உட்கார வைங்க சார். அதுல ஒருத்தி என் பொண்ணு.”

“என் பொண்ணு, உன் பொண்ணு எல்லாம் என்ன பேச்சும்மா? எல்லாம் நம்ம பொண்ணுதான். போய் உட்காருங்க.”

நன்றாக இருக்கிறது நியாயம்! நம்ம பொண்ணு என்றால் விடுதிக்கு மட்டும் அவள் ஏன் தனியாகப் போக வேண்டும்? வாய்வரை வந்ததை அடக்கிக்கொண்டு போய் உட்கார்ந்தாள். நடுவே இரண்டு கார்பன் வைத்து மூன்று தாளைச் செருகினாள். ஒவ்வொரு தாளிலும் அச்சடித்த எண் இருக்கும், ஒன்று குறைந்தாலும் தலைமை அலுவலகம் கேள்வி கேட்கும்.

பிள்ளைகள் ஐந்து பேரும் வரிசையாக வந்து நின்றார்கள். ஊசி அம்மாவைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இரண்டு பேருமே உடைந்திருப்பார்கள்.

வெந்நீர் ஒரு மடக்குக் குடித்துவிட்டுக் கேட்டார். “சுவத்துல எழுதினது யாரு?”

“நாம எழுதினோம் சார்” என்றாள் ஊசி.

“நாமன்னா?”

“நாமதான் சார். எல்லாரும்.”

“நான் எழுதலையே!”

“‘நாம’ன்னா நீங்களும் அதுல வருவீங்களே சார்.” இது பக்கத்தில் நின்ற கண்ணாடிப் பையன்.

வெந்நீர் மூடியை மேஜையில் டொக்கென்று வைத்தார். “விளையாடாதே. தனித்தனியா சொல்லு. நீ எழுதினியா?”

“தனியா எழுதல சார். சேர்ந்துதான் எழுதினோம்.”

“யார் யார் சேர்ந்து?”

“நாம.”

டைப் அக்கா ஒரு சொல் விடாமல் அடித்துக்கொண்டே வந்தாள். அடப்பாவிகளா, இதைத்தான் பேசி வைத்துக்கொண்டு வந்தீர்களா! அவளுக்குச் சிரிப்பு ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். அந்தத் தாளை மேலே இருக்கிறவன் படித்தால், விசாரணை அதிகாரியும் சேர்ந்து சுவரில் எழுதியதாகத்தான் இருக்கும். வெந்நீருக்கும் அது உறைத்தது போலும். முகம் சிவந்துபோயிற்று.

“என்னை எதுக்கு இழுக்கிறீங்க?”

“வேற வார்த்தை இல்லையே சார்” என்றாள் ஊசி. “இருந்தா சொல்லுங்க, அதையே சொல்லிடறோம்.”

அவ்வளவுதான். மனிதர் எழுந்தேவிட்டார். “நாம இல்ல! நீங்க! எழுதினது நீங்க! நாங்க வேற, நீங்க வேற!”

டைப் அக்காவின் மெஷின் நின்றது.

கோபத்தில் அதிகாரிகளுக்கு வாய் தவறுவது புதிதில்லை. அப்போதெல்லாம் ‘நாங்கள்’ வருகிற இடத்தில் ‘நாம்’ என்று அடித்துவிடுவது தட்டச்சர்களின் வழக்கம். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை, எல்லாருக்கும் தெரியும். வெந்நீருக்காகவே அவள் பத்துப் பதினைந்து தடவை அப்படித் திருத்திக் காப்பாற்றியிருக்கிறாள். பிள்ளைகளுக்காக ஒரு தடவைகூடத் திருத்தியதில்லை. அதை நினைத்ததும் அவளுக்குத் தன்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமல்ல.

விசாரிக்கிறவரே அந்தச் சொல்லைச் சொன்னால் விசாரணை செல்லாது, பிள்ளைகள் வீட்டுக்குப் போகலாம். அதுவும் சட்டத்தில்தான் இருக்கிறது. பிற்பாடு சேர்த்த விதி, அவளே அடித்தது.

ஒவ்வொரு எழுத்தாக, நிதானமாக அடித்தாள்.

வெந்நீர் நாற்காலியில் சரிந்து உட்கார்ந்தார். குரல் இறங்கியிருந்தது. “அம்மா, அந்த இடத்துல ‘நாம’ன்னு போட்டுக்குங்க.”

“‘நாம வேற, நீங்க வேற’ன்னு வரும் சார். அர்த்தம் வராது.”

“வராட்டி பரவாயில்ல. மாத்துங்க.”

டக், டக், டக் என்று மெஷின் ஓடியது. அவர் நிம்மதியாகப் பிளாஸ்க்கைத் திறந்தார்.

“என்ன, மாத்திட்டீங்களா?”

“இல்ல சார். நீங்க மாத்தச் சொன்னதையும் சேர்த்து அடிச்சிட்டேன்.”

கண்ணாடிப் பையன் களுக்கென்று சிரித்துவிட்டு, இருமுவதுபோல நடித்தான். ஊசி சிரிக்கவில்லை. முதல் தடவையாக அம்மாவைப் பார்த்தாள். டைப் அக்கா உருளையைத் திருகித் தாள்களை உருவினாள், கார்பனைப் பிரித்தாள், மூன்று நகலையும் கையெழுத்துக்காக அவர் முன்னால் வைத்தாள்.

வெந்நீர் தாளைப் பார்த்தார், எண்ணைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார்.

“நாளையிலேர்ந்து உங்களுக்கு இங்க வேலை இல்ல. தெரியுதா?”

“‘நமக்கு’ன்னு சொல்லுங்க சார்” என்றாள் டைப் அக்கா.