கழுவிவிடத் தோதான அறை

நானும் அவளும் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் பதினாறு வருஷம் ஒன்றாக வேலை பார்த்தோம். எனக்கு முன்பே பன்னிரண்டு வருஷம் அங்கே இருந்தவள். டாக்டர் முதல் வாட்ச்மேன் வரை எல்லாருக்கும் அவள் சலவையக்கா.

வார்டுகளிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் விரிப்புகளைப் பிரித்து உதறுவது அவள் வேலை. ரத்தம், சீழ், வாந்தி. அதற்கு மேல் சொல்ல வேண்டாம். நான் சேர்ந்த முதல் வாரம் மூன்று நாள் சாப்பாட்டைத் தொடவில்லை. அவளோ முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, என் எதிரே உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டாள். "மனுஷ உடம்புலேர்ந்து வந்ததுதானேடி? வேற எங்கேர்ந்தாவது வந்திருந்தா பயப்படலாம்" என்றாள்.

கணவர் சீக்கிரமே போய்விட்டார். ஒரே மகன். அவனைப் படிக்கவைத்து, மூன்று அறைகளோடு ஒரு வீட்டையும் கட்டி முடித்தாள். அவனுக்கு ஆபீஸ் வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது. மகனும் மருமகளும் அவளோடுதான் இருந்தார்கள்.

ஓய்வுக்கு இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. ஒரு நாள் பஸ்ஸை விட்டு இறங்கியவளை ஒரு பைக் அடித்துத் தள்ளியது. இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது. கம்பி வைத்துச் சரிசெய்தார்கள். பிடித்துக்கொள்ள ஏதாவது இருந்தால் இரண்டு நிமிஷம் நிற்கலாம், மற்றபடி சக்கர நாற்காலிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பயிற்சிக்காக இரண்டு மாதம் வார்டிலேயே வைத்திருந்தார்கள்.

அந்த இரண்டு மாதத்தில்தான் மகன் வீட்டை மாற்றிக் கட்டினான். வாரம் ஒரு முறை வந்து, "அம்மா, உனக்காக வீட்டையே புரட்டிப் போட்டுட்டேன்" என்பான். போனில் படம் காட்டுவான். சிமெண்ட் மூட்டை, டைல்ஸ் அடுக்கு, சாய்தளம். ஒரு படத்திலும் முழு வீடு தெரியாது.

"நாற்காலியோட அகலத்தை அளந்தியாடா?" என்று கேட்டாள்.

"எல்லாம் பாத்துக்கிட்டோம்மா. நீ நிம்மதியா இரு."

அவளும் பூரித்துப்போய் வார்டு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். நர்ஸுகளுக்கு மிட்டாய் வேறு.

வீட்டுக்கு அழைத்துப்போன அன்று நானும் கூடப் போனேன். முன்வாசல் படிகள் மூன்றும் அப்படியே இருந்தன. "சாய்தளம் எங்கடா?" என்றாள். அவன் நாற்காலியைப் பக்கத்துச் சந்துக்குள் திருப்பினான். குப்பைத்தொட்டி, கழிவுநீர்க் குழாய், மூடியில்லாத ஒரு சாக்கடைத் தொட்டி, இதையெல்லாம் தாண்டிக் கொல்லைப்பக்கம் சாய்தளம் இருந்தது. முன்பு தட்டுமுட்டுச் சாமான் போட்டு வைத்திருந்த அறைக்கு அது ஏறியது.

கதவைத் திறந்தான். தரையிலிருந்து தலைக்கு மேல்வரை வெள்ளை டைல்ஸ். நடுவில் ஒரு சல்லடை மூடி; நான்கு பக்கத்திலிருந்தும் தரை அதை நோக்கிச் சரிந்தது. சுவரில் குழாய், அதில் சுருட்டி மாட்டிய நீளமான ஹோஸ். ரெக்ஸின் மெத்தை போட்ட இரும்புக் கட்டில். தலையணைக்குக் கையெட்டும் தூரத்தில் ஓட்டை வைத்த மலநாற்காலி. சமையலறைக்குப் போகும் கதவு இருந்த இடத்தில் செங்கல் வைத்துப் பூசியிருந்தார்கள். அதில் ஒரு தட்டு நுழையும் அளவுக்கு ஜன்னல், தள்ளுகதவோடு.

"எல்லாம் கைக்கெட்டுற தூரத்துல இருக்கும்மா. நீ எங்கயும் அலைய வேண்டாம்" என்றான் மகன். முகம் மலர்ந்திருந்தது. "ஆபீஸ்ல படத்தைக் காட்டினேன். எல்லாரும் அம்மாவுக்கு இப்படி யார் செய்வாங்கன்னாங்க."

"அந்தக் கதவை ஏன் அடைச்சீங்க?"

மருமகள் சட்டென்று, "வாடை உள்ள வரும்ல அத்தை. எனக்கு ஒத்துக்காது" என்றாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

எனக்கு அந்த அறையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. சலவையக்காவுக்கும் தெரிந்திருக்கும். எங்கள் ஆஸ்பத்திரியில் அழுக்கு மூட்டைகளை இறக்கிவைக்கும் அறை அச்சு அசல் இப்படித்தான். யாரும் எதையும் தொடாமல், தள்ளி நின்று தண்ணீர் பீய்ச்சிக் கழுவிவிடலாம். பையன் பொய் சொல்லவில்லை, தான் செய்ததைப் பெரிய காரியம் என்று மனதார நம்பினான். அதுதான் எனக்குக் குமட்டியது.

அவள் மகனைப் பார்த்து, "டீ போடச் சொல்லு" என்றாள். டீ ஜன்னல் வழியாக வந்தது. நீட்டிய மருமகள் கையில் பிளாஸ்டிக் கையுறை.

நான்காம் நாள் போன் செய்தாள். "ஏண்டி, கொஞ்சம் வந்துட்டுப் போ" என்றாள். குரலே வேறு மாதிரி இருந்தது.

நான் போனபோது நாற்காலியை விட்டு இறங்கிக் கட்டில் ஓரம் உட்கார்ந்திருந்தாள். சல்லடை மூடியிலிருந்து அழுகிய முட்டை நாற்றம் அடித்தது. கரப்பான் மீசை ஒன்று ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தது. நாற்காலியின் பிரேக்கை நான் எடுத்ததும் அது தானாக உருண்டு நடுக்குழிக்குப் போய் நின்றது.

"தினமும் இதே கூத்துதான். எங்க நிறுத்தினாலும் சாக்கடைகிட்டயே கொண்டுவிடுது" என்றாள். பிறகு காலையில் நடந்ததைச் சொன்னாள்.

மகன் மூக்கில் கைக்குட்டையைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறான். இவள் நாற்காலியில் இருக்கும்போதே ஹோஸைத் திறந்து அறையைக் கழுவியிருக்கிறான். தண்ணீர் இவள் பாதத்தில் அடிக்க, "காலைத் தூக்கிக்கோம்மா" என்றிருக்கிறான்.

"தூக்க முடிஞ்சா நான் ஏன்டி இங்க கிடக்கிறேன்?" என்றாள். "இருபத்தெட்டு வருஷம் ஊரான் பீயை அலசினேன். ஒரு நாள் குமட்டினதில்ல. இன்னிக்கு வாயெல்லாம் கசக்குது. அவன் முகத்தைப் பாத்தாலே வயித்தைப் பிரட்டுது."

அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இதைக் கட்டின கொத்தனாரைக் கூட்டிட்டு வா" என்றாள்.

கொத்தனார் மறுநாள் வந்தார். சாக்கடை நாற்றத்துக்காகக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து, சல்லடையைத் தூக்கி எட்டிப் பார்த்துவிட்டு, "வாடை தடுக்கிற வளைவுக் குழாயை வைக்க விட்டுப்போச்சு" என்று முனகினார்.

"அது கிடக்கட்டும். இந்த நாற்காலியில உக்காருங்க" என்றாள்.

"எதுக்கும்மா?" அவர் நாற்காலியை மேலும் கீழும் பார்த்தார். அதில் உட்கார அவருக்குக் கூசியது. அதை அவள் கவனித்தாள்.

"துடைச்சுத்தான் வச்சிருக்கேன். உக்காருங்க. காலைக் கீழ ஊனாம முன்ஹாலுக்குப் போய் எனக்கு ஒரு டம்ளர் தண்ணி வாங்கிட்டு வாங்க."

மனிதர் உட்கார்ந்தார். குழிக்குள் உருண்டார். ஏற முடியாமல் மூச்சு வாங்கினார். ஒருவழியாக வாசலுக்கு வந்தால், நிலைப்படியில் முன்சக்கரம் மாட்டிக்கொண்டது. கதவின் இரண்டு பக்கமும் விரல் முட்டித் தோல் உரிந்தது. தாண்டியிருந்தாலும் அந்தச் செங்குத்தான சாய்தளத்தில் தலைகுப்புறத்தான் போயிருப்பார். காலை ஊன்றி எழுந்து, துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"உங்க பையன் சொன்ன மாதிரிதாம்மா செஞ்சேன்."

"வீடு என் பேர்ல இருக்கு. இப்ப நான் சொல்றேன். அந்தச் சுவத்தை இடிங்க."

பூசி ஆறு வாரம்கூட ஆகாத சுவர். பத்தே அடியில் பொளபொளவென்று கொட்டியது. சமையலறையெல்லாம் புழுதி. மருமகள் "ஐயோ, என் பாத்திரம்!" என்று ஓடிவந்தாள். ஓட்டை வழியாக மாமியார் முகம் தெரிந்ததும் அப்படியே நின்றுவிட்டாள்.

மாலையில் மகன் வந்து குதித்தான். "ஊரெல்லாம் என் மானத்தை வாங்கிட்டியே! உனக்காகத்தானே கட்டினேன்!"

"எனக்காகன்னா என்கிட்ட ஏன்டா கேக்கல?"

"நீ ஆஸ்பத்திரியில படுத்திருந்தே."

"இடுப்புதான் உடைஞ்சது. வாய் நல்லாத்தான் இருந்தது."

அவன் உள்ளே போய்க் கதவை அறைந்து சாத்தினான்.

அடுத்தது ஹாலை ஒட்டிய குளியலறை. கதவை அகலமாக்கி, நிலைப்படியை எடுத்து, கழிப்பறைப் பீங்கானுக்குப் பக்கத்தில் கைப்பிடிக் கம்பி பதிக்க வேண்டும் என்றாள். மருமகள் தினம் வாசனைத் திரவம் தெளித்துப் பளபளவென்று வைத்திருந்த அறை அது. கொத்தனார் பழைய கழிப்பறைப் பீங்கானைப் பெயர்த்துத் தூக்கியதும் அடியில் கருப்பாக, கொழகொழவென்று, முடிச் சுருளும் சோப்புக் களிம்பும் புழுவும் சேர்ந்து ஒரு குவியல். பல வருஷக் கசிவு. கொத்தனாரே முகத்தைத் திருப்பிக்கொண்டார். வேடிக்கை பார்க்க வந்த மகன் வாயைப் பொத்திக்கொண்டு வாசலுக்கு ஓடி வாந்தி எடுத்தான்.

சலவையக்கா அதை உற்றுப் பார்த்தாள். "பினாயில் ஊத்தி மண்வெட்டியால வாருங்க. அஞ்சு நிமிஷ வேலை" என்றாள். வாசலில் மகன் ஓங்கரிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவனுக்கு ஒரு சொம்பு தண்ணீர் கொடுக்கச் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

பதினெட்டு நாளில் வேலை முடிந்தது. முன்வாசலில் நீளமான, மெதுவாக ஏறும் சாய்தளம். அதற்காக மகன் தன் பைக்கை நிறுத்தும் இடத்தை விட வேண்டியிருந்தது. கதவுகளை அகலமாக்கினார்கள். குளியலறையில் தண்ணீர் பட்டாலும் வழுக்காத சொரசொரப்பான தரை. ஒவ்வொரு கம்பியையும் அவள் கையை வைத்துப் பார்த்து, உயரம் சொல்லி, கரியால் கோடு போட்ட பிறகுதான் கொத்தனார் துளை போட்டார். இரண்டு கம்பிகளைத் திரும்பக் கழற்றி மாட்டவைத்தாள். அவரும் முகம் சுளிக்கவில்லை.

மூன்றாம் மாதம் மகனும் மருமகளும் வாடகை வீட்டுக்குப் போய்விட்டார்கள். உறவுக்காரர்களிடம், அம்மாவுக்குப் புத்தி பிசகிவிட்டது, கட்டின அறையை இடித்துவிட்டாள் என்று சொல்லிக்கொண்டு திரிகிறானாம். மகனின் சித்தி ஒருத்தி வந்து, "பெத்த பிள்ளையை அனுசரிச்சுப் போகக் கூடாதா?" என்று புத்தி சொன்னாள். சலவையக்கா அவளைக் கொல்லை அறைக்கு அழைத்துப்போய், "இங்க ஒரு நாள் இருந்துட்டு வந்து சொல்லு" என்றாள். சித்தி டீகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டாள்.

இப்போது சமையல், குளியல், கடைக்குப் போவது எல்லாம் தானே பார்த்துக்கொள்கிறாள். கஷ்டம்தான். ஒரு முறை குளியலறையில் விழுந்து, ஒரு மணி நேரம் கம்பியைப் பிடித்துப் பிடித்து எழுந்திருக்கிறாள். என்னிடம் அதை ஒரு வாரம் கழித்துத்தான் சொன்னாள்.

மகன் மாதம் ஒரு தடவை வருவான். ஹாலில் ஒரு நாற்காலி நுனியில் உட்கார்ந்து, "வசதியா இருக்கா?" என்பான். "இருக்கு" என்பாள். அவன் போன பிறகு சற்று நேரம் முகம் ஒரு மாதிரி கோணிப்போய் இருக்கும். கெட்டுப்போன பாலை வாயில் வைத்ததுபோல. நாளாக ஆகச் சரியாகிவிடும் அக்கா என்று ஒரு நாள் சொன்னேன்.

"எனக்குத் தெரியலடி" என்றாள். பிறகு வெங்காயம் நறுக்க ஆரம்பித்தாள்.