மெத்தென்ற டாஷ்போர்டு

புது வண்டி வாசலுக்கு வந்ததும் அவர் முதலில் செய்த காரியம், உள்ளே ஏறி டாஷ்போர்டைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்ததுதான். சோஃபாக்களுக்கு மெத்தை வைத்துத் தைத்துக் கொடுக்கும் பட்டறை வைத்திருப்பவர். தெருவில் எல்லோருக்கும் பஞ்சு அண்ணன். யார் வீட்டுக்குப் போனாலும் உட்காரும் முன் நாற்காலியை ஓர் அமுக்கு அமுக்கிவிடுவார். டாஷ்போர்டில் விரல் உள்ளே போய், அவசரப்படாமல் மேலே வந்தது.

“நல்ல சரக்கு. மேல போர்த்தின தோலு டூப்ளிகேட்டுதான், ஆனா உள்ள இருக்கிற ஃபோம்ல ஏமாத்தல” என்று மனைவியிடம் சொன்னார். பட்டறையில் துணி வெட்டுவது அவள் பொறுப்பு. அவளும் ஒரு தரம் அமுக்கிப் பார்த்துவிட்டு, தையலைக் கவனித்தாள். தையல் நேராக இருந்தது.

பழைய வண்டியில் ஒன்றும் குறையில்லை. ஆனால் மகளுக்கு இரட்டைக் குழந்தைகள் பிறந்துவிட்டன. மாப்பிள்ளைக்குக் கப்பலில் வேலை. கிளம்பிப் போனால் மாதக்கணக்கில் கடலோடுதான். அவர் இந்த முறை கிளம்பியதும் மகள் அம்மா வீட்டில் வந்து இருப்பதாகப் பேச்சு. இரண்டு குழந்தை இருக்கைகளைப் பின்னால் மாட்டினால் பழைய வண்டியில் அவளுக்கே இடமில்லை. வாடகை வண்டி பேசலாமா என்று கேட்டதற்கு மகள் ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டாள்: “வேண்டாம்ப்பா. இதுங்க ரெண்டையும் வச்சுக்கிட்டு யாரோ ஒருத்தர் ஓட்டுற வண்டியில நான் வரமாட்டேன். நீங்க ஓட்டினா கண்ணை மூடிட்டு வருவேன்.”

அந்த வார்த்தையை அவர் பட்டறைக்கு வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். அதற்காகத்தான் மூன்று வரிசை இருக்கை வைத்த இந்தப் பெரிய வண்டி. வரும் ஞாயிற்றுக்கிழமை போய் அழைத்துவர வேண்டும்.

ஆனால் வண்டி வாங்கினோமா, வாய் ஓயாத ஒரு சம்பந்தியை வாங்கினோமா என்று அவருக்கு இரண்டாம் நாளே சந்தேகம் வந்துவிட்டது. பின் இருக்கையில் ஃபோம் கட்டு ஒன்றை வைத்தால், அதற்கு பெல்ட் போடச் சொல்லிக் கத்தியது. பட்டறைத் தெருமுனையைக்கூடத் தாண்டவில்லை, திரையில் ஒரு காப்பிக் கோப்பையைக் காட்டி ஓய்வெடுக்கச் சொன்னது. கிளட்ச் கிடையாது, வேலை போன இடது கால், தரையில் எதையோ தேடியபடியே இருந்தது. பின்னால் எடுக்கும்போது வண்டி முழுவதையும் வானத்திலிருந்து பார்ப்பது போலத் திரையில் காட்டியதில் அவர் நிஜமாகவே பிரேக்கை மிதித்துவிட்டு, ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி மேலே பார்த்தார். மனைவி சிரித்ததில் மடியில் இருந்த பை கீழே விழுந்தது.

இதெல்லாம் பழகிவிடும் என்று விட்டுவிட்டார். பழகாதது இடது பக்கம்.

இடது பக்கம் எதற்கெடுத்தாலும் ஒரு கீச்சுச் சத்தம். நேராகத்தான் போய்க்கொண்டிருப்பார், ஸ்டியரிங் கையில் நடுங்கும், தானாக வலப்பக்கம் ஒரு இழு இழுக்கும். யாரோ தன் கையைப் பிடித்துத் திருப்புவது போல அவருக்கு எரிச்சலாக வரும். வலது பக்கத்தில் இந்தத் தொந்தரவே இல்லை. ஆகவே இடப்பக்கத்து சென்சாரில்தான் கோளாறு என்பது அவருடைய முடிவு. இன்னொன்றையும் கவனித்து வைத்திருந்தார். பக்கத்தில் யாராவது வந்தால் அந்தப் பக்கத்துக் கண்ணாடியில் ஆரஞ்சு விளக்கு எரியும் என்று ஷோரூமில் சொல்லியிருந்தார்கள். வலது விளக்கு ஒழுங்காக எரிந்தது. இடது பக்கம் சத்தம் மட்டும்தான். விளக்கு எரிந்ததே இல்லை.

பழைய வண்டியை வாங்க வந்தவன் அதைச் சுற்றி நடந்து பார்த்துவிட்டு, “என்ன அண்ணே, அடியெல்லாம் ஒரே பக்கமா வாங்கியிருக்கு?” என்று கேட்டிருந்தான். வண்டி நிறுத்தத் தெரியாதவர்களெல்லாம் சாலைக்கு இடப்பக்கம்தான் நிறுத்துகிறார்கள் என்று அண்ணன் பதில் சொன்னார். கீறல் வேறு, விபத்து வேறு. ஸ்டியரிங் பிடித்த காலத்திலிருந்து விபத்து என்று ஒன்று அவர் கணக்கில் கிடையாது.

இந்த வண்டியில் அவருக்கு மனதாரப் பிடித்தது அமைதி. பழைய வண்டி தகர டப்பா போல ஆடும். அது போதாதென்று பக்கத்தில் உட்காரும் மனைவி, மோதிர விரலால் டாஷ்போர்டில் டக் டக்கென்று தட்டிக்கொண்டே வருவாள். சிலர் உட்கார்ந்தால் காலாட்டுவார்கள் இல்லையா, அதுபோல இவளுக்கு இது என்று அவர் விட்டுவிட்டிருந்தார். புது வண்டியில் அந்தச் சத்தமும் இல்லை. வண்டி நன்றாக இருந்தால் உட்காருகிறவர்களுக்கும் நிதானம் வந்துவிடுகிறது என்று நினைத்துக்கொண்டார்.

வியாழக்கிழமை காலை, தைத்த மெத்தைகளை ஒரு வீட்டில் கொடுத்துவிட்டு இருவரும் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மருந்துக் கடைத் திருப்பத்தில் வண்டி கீச்சென்றது. அவர் வழக்கம்போல அதைத் திட்டிக்கொண்டே இடப்பக்கம் திருப்பினார்.

“ஏங்க!”

அவள் கத்தி அவர் கேட்டதில்லை. பிரேக்கை மிதித்தாரா, வண்டி தானாக நின்றதா என்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது. இடப்பக்கக் கதவுக்கு வெளியே, மனைவியின் ஜன்னலை ஒட்டி, சைக்கிளில் ஒரு பெண் ஒரு காலைத் தரையில் ஊன்றி நின்றிருந்தாள். ஒரு கையால் வண்டியின் கதவைப் பிடித்திருந்தாள். முகம் ரத்தம் சுண்டி வெளுத்திருந்தது. திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம். கதவில் வைத்த கையை எடுத்துக்கொண்டு, சைக்கிளைத் தள்ளியபடி போய்விட்டாள்.

அந்தப் பெண் எங்கிருந்தோ திடீரென்று வந்துவிட்டாள் என்று அவர் சொன்னார். மனைவி பட்டறை வரும்வரை இடப்பக்க ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அன்று மத்தியானமே சர்வீஸ் சென்டருக்குப் போய்ச் சத்தம் போட்டார். மகளையும் பச்சைக் குழந்தைகளையும் ஏற்றிவரப் போகிற வண்டி. இதுதான் நீங்கள் தருகிற லட்சணமா என்றார். அங்கிருந்த பெண், மகளைவிட இரண்டொரு வயது சின்னவளாக இருப்பாள், பொறுமையாக எல்லாம் கேட்டுக்கொண்டாள். வண்டியைத் தானே எடுத்து ஒரு சுற்று சுற்றினாள். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வண்டி வாயே திறக்கவில்லை. வேண்டுமென்றே வேஷம் போடுகிறது என்று அவருக்கு ஆத்திரமாக வந்தது.

“இப்ப நீங்க ஓட்டுங்க சார். எப்படிக் கத்துதுன்னு நானும் பாக்கறேன்” என்று அவள் பின் இருக்கையின் நடுவில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

கேட்டைத் தாண்டியதுமே கீச்சென்றது. அவருக்கு வெற்றி. “பாத்தியாம்மா? சும்மா கத்துது. பக்கத்துல ஒருத்தரும் இல்ல. அந்த விளக்காவது எரியுதா பாரு.”

அவள் முன்னால் சாய்ந்து இடது கண்ணாடியைப் பார்த்தாள்.

“எரியுது சார்.”

“எங்க எரியுது?”

“இப்பவும் எரியுது. பக்கத்துல ஆட்டோ ஒண்ணு வருது சார். கொஞ்சம் அப்படியே நிறுத்திடறீங்களா?”

நிறுத்தினார். கழுத்தை முழுக்கத் திருப்பி இடது கண்ணாடியைப் பார்த்தார். கொட்டைப்பாக்கு அளவுக்கு ஆரஞ்சு நிறத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முகத்தைத் திரும்ப நேராக, சாலைக்குக் கொண்டுவந்தார். விளக்கு போய்விட்டது. திருப்பினார், இருந்தது. நேராக்கினார், இல்லை. இடப்பக்கம் கூடவே நின்றிருந்த ஆட்டோ கிளம்பி, அவர்களைக் கடந்து, அவர் பார்வையின் நடுவில் எங்கோ ஓர் இடத்தில் பொத்தென்று முளைத்தது.

அந்தப் பெண் வண்டியைத் தானே ஓட்டிக்கொண்டுபோய் வீட்டில் விட்டுவிடுவதாகச் சொன்னாள். ஒரு தடவை கண்ணைக் காட்டிவிடுங்கள் சார் என்பதைத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். வண்டியில் கோளாறு என்று வந்தவனிடம் கண்ணைக் காட்டச் சொல்கிறாயா என்று கேட்கத்தான் வாயைத் திறந்தார். சாவியைக் கொடுத்துவிட்டுப் பின் இருக்கையில், ஃபோம் கட்டு இருந்த இடத்தில், பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

மறுநாள் கண் மருத்துவமனையில் ஒரு வெள்ளைக் கிண்ணத்துக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். உள்ளே அங்கங்கே பொட்டுப் பொட்டாக வெளிச்சம் தெரியும். தெரிகிறபோதெல்லாம் கையிலிருக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். வலது கண்ணுக்கு ஒழுங்காக நடந்தது. இடது கண்ணுக்கு மாற்றியதும் வெளிச்சமே வரவில்லை. காத்திருந்து பார்த்துவிட்டு, “என்னம்மா, மிஷின் நின்னுபோச்சா?” என்று கேட்டார். சோதனை செய்துகொண்டிருந்த பெண், “ஓடிட்டுதான் இருக்குங்க” என்றாள். கேட்ட கணத்திலேயே நேற்று வண்டி விளக்கைப் பற்றியும் இதையேதான் சொன்னோம் என்பது அவருக்கு உறைத்துவிட்டது.

கண்ணுக்குள் இருக்கும் அழுத்தம் கூடி, நரம்பை அரித்திருக்கிறது என்றார் டாக்டர். வலியே தெரியாதாம். ஓரத்திலிருந்து ஆரம்பித்து உள்ளே வருமாம். இடது கண்ணில் பெரும்பகுதி போய்விட்டது. வலது கண்ணில் இப்போதுதான் தொடக்கம். போனது திரும்பாது, சொட்டு மருந்தை விடாமல் போட்டால் இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

“கருப்பாத் தெரிஞ்சிருந்தா எனக்கே தெரிஞ்சிருக்குமே டாக்டர்?”

“கருப்பாத் தெரியாது சார். அங்க எதுவும் விடுபடாத மாதிரி மூளையே இட்டு நிரப்பிக்கும். வண்டி மட்டும் இனிமே எடுக்காதீங்க.”

“ஞாயித்துக்கிழமை ஒரு நாள் மட்டும்...”

டாக்டர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை வைத்துவிட்டு அவரைப் பார்த்தார்.

வெளியே வந்து, மருத்துவமனை வாசலில் இருந்த சிமெண்டு பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். அவள் வழக்கம்போல அவருக்கு இடது பக்கம் உட்கார்ந்தாள். அவளைப் பார்ப்பதற்கு அவர் தலையைத் திருப்ப வேண்டியிருந்தது. எத்தனை காலமாக இப்படித் திருப்பிக்கொண்டிருக்கிறோம் என்று யோசித்துப் பார்த்தார். தெரியவில்லை.

அப்போதுதான் அவள் கேட்டாள். “பழைய வண்டியில தட்டுவேனே, அது கேக்குமா உங்களுக்கு?”

“எது?”

“மோதிரத்தால.”

கேட்கும் என்றார். அது அவளுக்குப் பழக்கம்தானே.

“எனக்கென்னங்க பழக்கம்? நீங்க இடப்பக்கம் ரொம்ப ஒட்டிப் போவீங்க. வாயால சொன்னா உங்களுக்குக் கோபம் வரும்; நீ ஓட்டுறியா, நான் ஓட்டுறேனான்னு கேப்பீங்க. ஒரு நாள் பயத்துல டாஷ்போர்டைத் தட்டிட்டேன். நீங்க ஒண்ணும் சொல்லாம வலப்பக்கம் ஒதுங்கினீங்க. சரி, இது நல்லா வேலை செய்யுதேன்னு அப்படியே தட்டிட்டு வந்தேன்.”

தான் ஒதுங்கியது அவருக்கு ஞாபகமே இல்லை. அந்தத் தட்டலைக் காது கேட்டிருக்கிறது, கை திருப்பியிருக்கிறது. அவரிடம் மட்டும் யாரும் சொல்லவில்லை. விபத்தே இல்லாத தன் கணக்கு, பாதிக்கு மேல் இன்னொருத்தியின் விரலில் நடந்திருக்கிறது.

“உனக்குத் தெரியுமா? என் கண்ணு...”

“கண்ணுன்னு தெரிஞ்சிருந்தா சட்டையப் பிடிச்சு இழுத்துட்டு வந்திருக்க மாட்டேனா? உங்க அலட்சியம்னு நினைச்சேன்.” அவள் குரல் அங்கே உடைந்தது, ஆனால் அழவில்லை. “புது வண்டியிலயும் தட்டிட்டுதான் இருந்தேங்க. நேத்தும் தட்டினேன். அது மெத்துன்னு இருக்கு. சத்தமே வரல.”

அந்த டாஷ்போர்டைத்தான் அவர் நல்ல சரக்கு என்றிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவள் ஓட்டினாள். அவளிடம் லைசென்ஸ் இருந்தது. அந்தக் காலத்தில் இருவரும் சேர்ந்தே எடுத்தது. கிளட்ச்சைக் கொன்றுவிடுவாள் என்று சொல்லிச் சொல்லியே அவர் அவளிடம் சாவியைக் கொடுத்ததில்லை. இந்த வண்டியில் கொல்வதற்கு கிளட்ச்சே இல்லை. சனிக்கிழமை பூராவும், பட்டறைக்குப் பின்னால் இருந்த காலி மைதானத்தில் அவள் வண்டியைச் சுற்றிச் சுற்றிப் பழகினாள். அவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். வண்டி அவளையும் கண்டித்தது, ஆனால் இரண்டு பக்கமும் சமமாக. வழியெல்லாம் மெதுவாகப் போனாள். பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். “அடிச்சா அடிக்கட்டும்” என்றாள். அவர் தன் மடியில் கைகளைக் கோத்து வைத்திருந்தார்.

மகள் இருந்த குடியிருப்பின் வாசலில் நிறுத்தினாள். மகள் இரண்டு குழந்தைகளோடும் முன்கூட்டியே கீழே வந்திருந்தாள். ஒன்று தொட்டில் கூடையில், ஒன்று தோளில். அவர் இறங்கிக் கதவைப் பிடித்தபடி நின்று, தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் அவர் பக்கமாக வந்தாள்.

“அப்பா, பிடிங்க இவனை.”

அவர் சத்தம் வந்த பக்கம் திரும்பத் தொடங்குவதற்குள், அவள் குழந்தையை அவர் கைக்குக் கொடுத்துவிட்டதாகவே நினைத்துப் பிடியைத் தளர்த்தியிருந்தாள். கை அங்கே இல்லை என்பது தெரிந்து, பதறி, குழந்தையை மார்போடு இழுத்துக்கொண்டாள். குழந்தை விழவில்லை. குழந்தைக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை; அம்மாவின் முடியைப் பிடித்து இழுத்தது.

“என்னப்பா நீங்க? நீட்டிக்கிட்டே நிக்கிறேன், எங்கயோ பாக்கறீங்க?” அவள் பார்வை ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்த அம்மாவின் பக்கம் போனது. “அம்மாவா ஓட்டிட்டு வந்தாங்க? ஏன்?”

இதை அவர்தான் சொல்ல வேண்டும் என்பது போல, அம்மா இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள்.

போனில் சொல்லாமல் விட்டதற்கு அவர் ஒரு காரணம் வைத்திருந்தார். வழியில் பக்குவமாகச் சொல்வதற்கென்று ஒரு பேச்சும் தயார் செய்திருந்தார். இரண்டும் இப்போது வாயில் வரவில்லை.

“இந்தப் பக்கம் எனக்குத் தெரியலம்மா” என்றார். “வலது பக்கமா வந்து குடு.”

மகள் அவரையே பார்த்தபடி நின்றாள். அவள் முகம் மாறுவதைப் பார்ப்பதற்கு அவர் தலையை முழுக்கத் திருப்ப வேண்டியிருந்தது, திருப்பினார். பிறகு அவள் மெல்ல நடந்து, அவருக்கு முன்னால் சுற்றி, வலது பக்கமாக வந்து நின்றாள். அவர் இரண்டு கைகளையும் நீட்டினார். குழந்தையின் எடை கையில் முழுதாக இறங்கியதை அவர் தலையாட்டிக் காட்டிய பிறகுதான் அவள் விட்டாள்.