பங்களா ரீலும் என் வீட்டுக்காரரின் கையும்

என் வீட்டுக்காரருக்கு வலது கையில் பெருவிரலும் சுண்டுவிரலும்தான் இருக்கின்றன. நடுவிலிருந்த மூன்றையும் ஸ்டோரில் ரோலர் மெசின் எடுத்துக்கொண்டது. எங்கள் ரப்பர் தோட்டத்தில் ஃபெக்டரியை ஸ்டோர் என்றுதான் சொல்வோம். உறைந்த ரப்பர் பாலை ரோலருக்குள் தள்ளி ஷீட்டாக எடுப்பது அவருடைய வேலை. ஒருநாள் ஷீட்டின் மடிப்பு விரல்களையும் சேர்த்துச் சுருட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் கையில் ஒரு துண்டைச் சுற்றிக்கொண்டார். காயம் ஆறிய பிறகும் துண்டு இறங்கவில்லை. மாதா கோயிலில் பூசைக்கு நின்றாலும் துண்டு, ருவான்வெல்லை கடைவீதிக்குப் போனாலும் துண்டு. வீட்டில் காற்றாடியைப் போட்டால் எழுந்து வெளியே போய்விடுவார். என் தையல் மெசினின் சில்லு சுற்றினால் அவர் முகம் வெளுத்துவிடும். எனக்குக் கோபமும் வரும், அழுகையும் வரும். பெரும்பாலும் கோபம்தான் முந்திக்கொள்ளும்.

ஸ்டோரில் அவரைக் கைவிடவில்லை. ஷீட்டுகளைத் தொங்கவிட்டுக் காயவைக்கும் புகைக்கூடத்தில் அவருக்கு இடம் வைத்திருப்பதாகச் சொல்லியனுப்பிக்கொண்டே இருந்தார்கள். ஆனால் அங்கே போக ரோலர்களைத் தாண்டித்தான் போகவேண்டும். ஒரு தடவை ஸ்டோர் வாசல்வரை போய்விட்டுத் திரும்பி வந்தார். அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை. இப்படியே விட்டால் மனுசர் லயத்து வரிசைவீட்டுக் காம்பராவுக்குள் உட்கார்ந்தே முடிந்துபோவார் என்று பயந்தேன். அவர் எழுந்து வேலைக்குப் போகவேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

அந்தச் சமயத்தில் தோட்ட மேனேஜர் பங்களாவுக்குப் புதுத் துரை வந்தார். பழைய சாமான் அறையைச் சுத்தம் செய்ய எங்களில் சில பெண்களை அனுப்பினார்கள். வேண்டியதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கொளுத்தச் சொல்லிவிட்டார் துரை. மற்றவர்கள் பீங்கானையும் கெட்டிலையும் அள்ளிக்கொண்டார்கள். என் அதிர்ஷ்டத்துக்கு ஒரு தோல் பெட்டிதான் கிடைத்தது. வீட்டில் வந்து திறந்தால், உள்ளங்கை நிறைய ஒரு பித்தளை வட்டு. அதன் முகத்தில் சின்னதாக ஒரு கைப்பிடி. சுற்றினால் கிர்ர் என்று கத்தியது. பெட்டியாவது அரிசி போட உதவும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அது வெள்ளைக்கார துரைமார் காலத்து மீன்பிடி ரீல் என்று சொன்னவர், எங்கள் லயத்துக்கு முன்னால் ஆட்டோ நிறுத்தும் சிங்களத் தம்பி. ஞாயிறு வந்தால் ஆட்டோவைப் போட்டுவிட்டு ஆற்றுக்கு ஓடும் மீன் பைத்தியம் அவர். ரீலைக் கையில் வாங்கியதும் அவருக்குத் தலைகால் புரியவில்லை. இறகில் கட்டின பொய் இரையை வீசிப் பிடிக்கிற ரீல் இது, இவ்வளவு பெரிதாக இருப்பதே பெரிய மீனுக்காகத்தான், எவ்வளவு நீள நூலும் இதற்குள் அடங்கும் என்று பாதி தமிழிலும் பாதி சிங்களத்திலும் விளக்கினார். இந்தக் காலத்து ரீலில் பிரேக் உள்ளேயே இருக்கிறது. இதில் சத்தம் மட்டும்தான். மீன் ஓடும்போது வட்டு பின்பக்கமாகச் சுழலும், கைப்பிடி விரல் முட்டியைத் தட்டியெடுத்துவிடும். வட்டின் விளிம்பை அடியிலிருந்து உள்ளங்கையால் அழுத்தித்தான் மீனை மட்டுப்படுத்தவேண்டும்.

மூலையில் உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரர் அப்போதுதான் வாயைத் திறந்தார்.

"வெரல் வேணாமா?"

"வெரல் தேவையில்ல அண்ணே. உள்ளங்கைதான் வேணும்," என்றார் தம்பி.

விபத்துக்கு முன்னால் இவரும் தூண்டில் போட்டவர்தான். அதற்குப் பிறகு தம்பி தன் ரீலைக் கொடுத்துப் பார்த்தார். அதில் நூலை ஆட்காட்டி விரலில் பிடித்து விடவேண்டும், அந்த விரல் இவரிடம் இல்லை. இப்போது துண்டு சுற்றிய கையை மடியில் வைத்துக்கொண்டு அந்தப் பித்தளையையே பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் போதுமாக இருந்தது.

ரீலிலிருந்த பழைய நூல் தொட்டதும் உதிர்ந்தது. தம்பி தன்னிடம் இருந்த நூலையும் ஒரு பழைய தூண்டில் கோலையும் கொடுத்தார். இரை என் பொறுப்பு. ஆற்றில் பெரிய மடுவுக்கு மேலே ஓர் அத்தி மரம் சாய்ந்து நிற்கிறது. பழம் விழுகிற சத்தம் கேட்டால், சிங்களத்தில் லெஹெல்லா என்று சொல்லும் பெரிய செதில் மீன் மேலே வரும். கிறிஸ்மஸ் அலங்காரத்தில் மிஞ்சிய சிவப்புக் கம்பளி நூலைத் தூண்டில் முள்ளில் அத்திப்பழம் மாதிரி உருட்டிச் சுற்றினேன். பின்னால் சேவல் இறகு ஒன்று. அவிழாமலிருக்க மேலே ஒரு சொட்டு ரப்பர் பால். தினமும் ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவளுக்குப் பசைக்கா பஞ்சம்?

ஞாயிறு பூசை முடிந்ததும் மூவரும் ஆற்றுக்குப் போனோம். இடது கையால் கோலைப் பிடித்து மரத்தடியில் இரையைப் போட்டார். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் கலங்கியது. கோல் வளைந்தது, ரீல் அலறியது. துண்டை உதறிவிட்டு உள்ளங்கையை வட்டின் அடியில் வைத்தார். வைத்த வேகத்திலேயே வெடுக்கென்று இழுத்து நெஞ்சோடு வைத்துக்கொண்டார். வட்டு தன்பாட்டில் சுழன்றது, நூல் சுருள் சுருளாக வெளியே தள்ளிச் சிக்கியது. படக் என்று அறுந்து மீன் போய்விட்டது.

தம்பிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏன் அண்ணே கையை எடுத்தீங்க என்று திரும்பத் திரும்பக் கேட்டார். எனக்கு விளங்கியது. ஸ்டோருக்குப் புதிதாக வருகிற எல்லோருக்கும் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம், சுற்றுவது இழுத்தால் கையை எடு என்பது. பல பேருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவரே இவர்தான். ஒரே ஒருநாள் எடுக்கப் பிந்தினார், மூன்று விரல் போய்விட்டது. வேறு எந்த மீன்பிடிக்காரனும் இந்தப் பிழையை விடமாட்டான்.

வீட்டுக்கு வந்து ரீலைப் பெட்டியில் போட்டு மூடினார். "இது நமக்கு ஆகாது. பங்களாவுலயே குடுத்துரு," என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. ராசா மாதிரி உட்கார்ந்து உத்தரவு போடாதீர்கள், கட்டினவளுக்கு இல்லாத உரிமையா அந்த ரோலருக்கு, வாழ்நாள் முழுக்க உங்களை அதுவே பிடித்து வைத்திருக்க என்று வாய்க்கு வந்தபடி பேசிவிட்டு அடுப்படிக்குள் போய் அழுதேன்.

மறுநாள் வேலை முடிந்து வந்ததும் நூல் நுனியை என் இடுப்பில் கட்டிக்கொண்டேன். கோலையும் ரீலையும் அவர் கையில் திணித்து, படியில் உட்காரவைத்தேன். மீன் நான்தான் என்று சொல்லிவிட்டு ரப்பர் மரங்களுக்கிடையில் பள்ளத்தைப் பார்த்து ஓடினேன். லயமே கூடிச் சிரித்தது. ஒருத்தி என்னைப் பேய் பிடித்திருக்கிறதா என்று கேட்டாள். ரீல் கத்தியதும் அவர் கையை எடுத்தார், நூல் சிக்கியது. மூச்சிரைக்க மேலேறி வந்தேன். பல்லாலும் இரண்டு விரலாலும் சிக்கெடுத்தார். மறுபடி ஓடினேன், மறுபடி எடுத்தார். இப்படியே மாலை மாலையாகப் போனது. இந்த வயதில் எனக்கு ஏன் இந்த ஓட்டம் என்று நானே என்னைத் திட்டிக்கொள்வேன்.

வட்டைப் பார்த்துக்கொண்டிருப்பதால்தான் பயப்படுகிறார் என்பது பிறகுதான் எனக்குப் பட்டது.

"ரீல பாக்காதீங்க. என்னைய பாருங்க," என்றேன்.

அன்றைக்குக் கிணற்றடி தாண்டி ஓடும்போது இடுப்பில் நூல் இறுகியது. வெட்டி இழுக்கவில்லை, மெல்ல மெல்ல, விட்டு விட்டு இறுகியது. நின்று திரும்பினேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கை வட்டிலேயே இருந்தது. யார் பார்த்தால் என்ன என்று அந்த ரப்பர் மரத்தைப் பிடித்துக்கொண்டு அழுதேன்.

மழை விட்டு ஆறு தெளிந்த ஒரு ஞாயிறு மறுபடி மடுவுக்குப் போனோம். வெயில் ஏறும்வரை ஒன்றும் இல்லை. தம்பி சலித்துப்போய்ப் பீடி பற்றவைத்த நேரத்தில் மீன் அடித்தது. எதிர்க்கரைப் பாறைகளை நோக்கி ஒரே ஓட்டம். ரீல் அலறியது, உள்ளேயிருந்த நூல் குறைந்துகொண்டே போனது. கை வட்டுக்கு அடியில் போனது. கை அங்கேயே இருந்தது.

"கை சுடுது," என்றார், ஆற்றைப் பார்த்தபடியே.

"எடுத்துறாதீங்க."

"எடுக்கல."

மீன் ஓடும்போது தளர்த்தினார், நின்றதும் அழுத்தினார், சோர்ந்தபோது சுண்டுவிரலுக்கும் பெருவிரலுக்கும் நடுவே கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினார். தம்பி பக்கத்தில் நின்று, சரி என்பதைச் சிங்களத்தில் ஹரி அண்ணே, ஹரி அண்ணே என்று முணுமுணுத்தார். கரையோரம் வந்தபோதுதான் அதன் பருமனைப் பார்த்தோம். இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கவேண்டிய மீன், உடம்பெல்லாம் பொன் நிறச் செதில். நான் விடியற்காலையே மிளகாய் அரைத்து வைத்துவிட்டு வந்திருந்தேன். வயிற்றைப் பார்த்த தம்பி, சினை மீன், விட்டுவிடலாம் என்றார். அவரை நான் பார்த்த பார்வையில் ஒதுங்கிப்போய் நின்றார். ஆனால் என் வீட்டுக்காரர் அதற்குள் முழங்கால் தண்ணீரில் இறங்கி, துண்டை நனைத்து மீனின் வாலில் சுற்றி, தலையை நீரோட்டத்துக்கு எதிரே பிடித்திருந்தார். கொஞ்ச நேரம் அது வாயைத் திறந்து திறந்து மூடியது. பிறகு ஒரே உதறல். மீனும் போனது, துண்டும் ஆற்றோடு போனது. தம்பி எடுக்க ஓடினார்.

"விடு தம்பி," என்றார் இவர்.

லயத்துக்கு வரும் வழியெல்லாம் மீன் எங்கே, மீன் எங்கே என்று கேட்டார்கள். கேட்டவர்களுக்கெல்லாம் சிவந்துபோன உள்ளங்கையைக் காட்டினார். என் மிளகாய்க்கு அன்று நெத்தலிக் கருவாடுதான்.

மறுநாள் காலையில் நான் பால் வெட்டப் பிந்திப் போனேன், கங்காணி முறைத்தார். முறைக்கட்டும். அதற்கு முன்னால் ஸ்டோரின் மறுகோடியில், புகைக்கூடத்து வாசலில் எனக்கு நிற்கவேண்டியிருந்தது. இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ரோலர்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவர் நடுவால் நடந்து வந்தார், என்னையே பார்த்தபடி.